பெட்டியில் உறங்கும் பத்திரம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரில் சுவாமிநாதனைத் தரிசித்துவிட்டுத் திரும்பும் வழியில், மோதி பாக்கில் நமக்கு நெடுநாள் பழக்கமான ஒரு குடும்பத்தாரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். காப்பி வந்தது, முறுக்கு வந்தது, ஊர்ச் செய்திகளும் வந்தன. ஆனால் வீட்டுக்குரிய அம்மையாரின் முகத்தில் வழக்கமான களை இல்லை. காரணம் வினவினோம். அவர் விடை சொல்லாமல் உள்ளே சென்று, பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, பட்டுப் புடவைகளுக்கு அடியிலிருந்து உறையிட்ட ஒரு பத்திரத்தை எடுத்து வந்து நம் கையில் கொடுத்தார்.

தமிழ்நாடு நர்ஸுகள், மருத்துவச்சியர் கவுன்சில் அளித்த பதிவுச் சான்று அது. மடிப்புக் கலையாமல், மை மங்காமல், புதிது போலவே இருந்தது.

"பதினேழு வருஷமாக இதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி வந்தேன், அண்ணா. இப்போது இது போதாது என்கிறார்களே!" என்றார்.

அவர் தென்பாண்டிச் சீமையில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியின் நர்ஸிங் பள்ளியில் பயின்று தேறியவர். மணமாகித் தலைநகர் வந்தார். வந்த புதிதில் ஒரு சிறு நர்ஸிங் ஹோமில் இரண்டாண்டு பணி புரிந்தார். அங்கே எவரும் எந்தப் பதிவையும் கேட்கவில்லை. பிறகு குழந்தைகள், பிறகு மாமியாரின் நெடுநாள் படுக்கை. ஆண்டுகள் ஓடிவிட்டன. சென்ற வருஷம் கணவர் பணியாற்றி வந்த கம்பெனி மூடப்பட்டது. மூத்த பெண் கல்லூரி வாயிலில் நிற்கிறாள். வீட்டு வாடகையோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆகவே அம்மையார் மீண்டும் வெள்ளுடை தரிக்கத் துணிந்தார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நேர்முகத் தேர்வும் நன்றாகவே நடந்தது. முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "டில்லிக் கவுன்சிலின் பதிவு எண் என்ன?"

எண் இல்லை. முப்பது நாள் கெடு கொடுத்தார்கள். அக்காரியம் முடிய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும் என்று அன்று அவருக்குத் தெரியாது; நமக்குந்தான் தெரியாது. அதனாலேயே இம்மாதம் இப்பகுதியில் அதைப் பற்றி எழுதத் துணிந்தோம். நம் சங்கத்துக் குடும்பங்களில் தாதித் தொழில் பயின்ற சகோதரிகள் பலர் இருக்கின்றனர். அத்தொழிலுக்குப் பயிலும் பெண்மக்களும் இருக்கின்றனர். ஒருவருக்கு நேர்ந்த சங்கடம் மற்றொருவருக்கு நேராதிருக்கட்டும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக மனத்திற் கொள்ளவேண்டும். நாம் 'லைசென்சு' என்று வழங்குவது பெட்டியில் இருக்கும் காகிதமன்று. ஒரு மாநிலத்துக் கவுன்சிலின் பதிவேட்டில், இன்றைய தேதியில், நம் பெயர் உயிரோடு இருக்கிறதா என்பதே லைசென்சு. காகிதம் அதற்குச் சாட்சி மட்டுமே. தேர்தல் நாளை நினைத்துப் பாருங்கள். கையில் வாக்காளர் அட்டை பளபளவென்று இருக்கும். ஆனால் இத்தொகுதிப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் சாவடியிலிருந்து திரும்பி வரவேண்டியதுதான். அதே நியாயந்தான் இங்கும்.

நோயாளிக்குப் பணிவிடை செய்ய நல்ல மனமும் பயின்ற கையும் இருந்தால் போதாதா, பதிவேடு எதற்கு என்று கேட்பாரும் உளர். இக்கேள்வி புதிதன்று. நவீனத் தாதித் தொழிலின் அன்னையாகப் போற்றப்படும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே பதிவேடு கூடாதென்று வாதாடியவர். ஒருத்தியின் நற்பண்பைப் பரீட்சையாலும் பட்டியலாலும் அளக்கவியலாது என்பது அவர் கொள்கை. எதிர்த்தரப்பில் நின்று முப்பதாண்டுகளுக்கு மேல் போராடியவர் எதல் பெட்போர்டு பென்விக் அம்மையார். பயிற்சியின்றித் தாதி என்று சொல்லிக்கொண்டு வருவோரிடமிருந்து நோயாளியைக் காக்கப் பதிவேடு ஒன்றே வழி என்றார் அவர். நியூஸிலாந்து 1901-ஆம் ஆண்டிலேயே தாதியர் பதிவுக்கெனத் தனிச் சட்டம் செய்து உலகுக்கு வழிகாட்டியது. இங்கிலாந்தில் 1919-இல் சட்டம் நிறைவேறியது. அங்கே திறந்த பதிவேட்டில் முதல் எண் பென்விக் அம்மையாருடையதே.

இதிலே நாம் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்றுண்டு. இங்கிலாந்துச் சட்டத்துக்கு ஏழே ஆண்டுகள் கழித்து, 1926-இல், சென்னை மாகாணத்தில் நர்ஸுகள், மருத்துவச்சியர் சட்டம் பிறந்துவிட்டது. சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் பயிற்சிப் பள்ளி தொடங்கியதோ 1871-இல். நாடு முழுமைக்குமான இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம் 1947-இல் வந்தது. தலைநகராகிய டில்லிக்கெனத் தனியே நர்ஸிங் கவுன்சில் சட்டம் ஏற்பட்டது 1997-இல்தான். ஆகவே, நம் சகோதரியின் பெட்டியில் இருந்த பத்திரத்தை அளித்த மரபு, அதைப் போதாதென்று சொன்ன டில்லிப் பதிவேட்டைவிட எழுபத்தொரு வயது மூத்தது! ஆயினும் மூப்பு வேறு, எல்லை வேறு.

இந்த எல்லை விஷயத்திலேதான் பலரும் இடறுகிறார்கள். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகரித்த படிப்புகளின் பட்டியல் ஒன்றை வகுத்தது. அப்பட்டியலில் உள்ள பட்டமோ டிப்ளமாவோ எந்த மாநிலத்தில் பதிவதற்கும் தகுதியாகும் என்றும் விதித்தது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும், இன்று ராஜகுமாரி அமிர்த கௌர் பெயரால் வழங்கும் டில்லி நர்ஸிங் கல்லூரியும் 1946-ஆம் ஆண்டில் ஒருசேர நர்ஸிங் பட்டப் படிப்பைத் தொடங்கின. வேலூர்ப் பட்டம் டில்லியில் செல்லும். டில்லிப் பட்டம் மதுரையில் செல்லும். அதில் ஐயமில்லை. ஆனால் பட்டம் மதிக்கப்படுவது வேறு; பெயர் பதிவாவது வேறு. பட்டத்துக்கு நாடெங்கும் மதிப்பு உண்டு. பதிவுக்கோ, பணி புரியும் மாநிலத்துக் கவுன்சிலின் வாசற்படியை மிதித்தே ஆகவேண்டும். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் அமர்த்தவென்று நாடாளுமன்றம் 2023-இல் தேசிய நர்ஸிங், மருத்துவச்சியர் ஆணையச் சட்டத்தை இயற்றியது. அதிலும் தேசியப் பதிவேட்டோடு மாநிலப் பதிவேடும் உண்டு.

இனி, நம் சகோதரி அவிழ்க்கவேண்டியிருந்த முடிச்சுகள் மூன்றையும் சொல்கிறோம்.

முதல் முடிச்சு பெயர். தமிழர்களாகிய நமக்குக் குடும்பப் பெயர் என்பதில்லை. தந்தையின் முதலெழுத்தை முன்னால் இட்டுக்கொண்டு காலங்காலமாகச் சுகமாக வாழ்ந்து வந்தோம். டில்லிக்கு வந்ததும், 'கடைசிப் பெயர் என்ன?' என்று ஒரு குமாஸ்தா கேட்கிறார். அவசரத்தில் கணவரின் பெயரை எழுதிவிடுகிறோம். நம் சகோதரியின் பள்ளிச் சான்றிதழில் தந்தையின் முதலெழுத்து பெயருக்கு முன்னால் நிற்கிறது. கவுன்சில் பத்திரத்தில் அதே எழுத்து பெயருக்குப் பின்னால் நிற்கிறது. ஆதார் அட்டையிலோ கணவரின் முழுப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆள் ஒருவர்தான்; காகிதப்படி மூன்று பெண்மணிகள்! இந்திய நர்ஸிங் கவுன்சில் தாதியர் பதிவுக்கெனக் கம்ப்யூட்டர் வழி ஏற்பாடு ஒன்றை அமைத்து, நாடு முழுதும் ஒருவருக்கு ஒரே எண் என்று வழங்கி வருகிறது. அவ்வெண் ஆதாரோடு இணைந்தது. ஆகவே எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கவேண்டும். பிரமாணப் பத்திரம், திருத்த மனு, மீண்டும் திருத்தம் என்று இதிலேயே இரண்டு மாதம் கழிந்தது.

பெற்றோர்களுக்கு நம் வேண்டுகோள் இது: பெண் நர்ஸிங் பள்ளியில் சேரும் நாளிலேயே பள்ளிச் சான்று, ஆதார், கல்லூரிப் பதிவு ஆகிய மூன்றிலும் பெயரை ஒரே மாதிரி அமைத்துவிடுங்கள். திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொள்ள விரும்பும் சகோதரிகள், மாற்றினால் எல்லாவற்றிலும் மாற்றுங்கள். இல்லையேல் ஒன்றிலும் மாற்றாதீர்கள். பாதி மாற்றம் முழுத் தொல்லை.

இரண்டாவது முடிச்சு, காலாவதி. பதிவு என்பது ஒருமுறை செய்துவிட்டால் ஆயுள் முழுதும் நிற்கும் என்ற எண்ணம் நம்மிற் பலருக்கு உண்டு. இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த நெறிப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். அவ்வைந்தாண்டில் 150 மணி நேரம் தொடர் கல்வி பெற்றிருத்தல் வேண்டும். மாநிலங்களிடையே இதன் நடைமுறை வேறுபடுவதுண்டு. தத்தம் கவுன்சிலில் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம். 150 மணி என்றதும் மலைக்கவேண்டா. ஆண்டுக்கு முப்பது மணி. வாரத்துக்குக் கணக்கிட்டால் முப்பத்தைந்து நிமிஷம். தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு நாள்தோறும் நாம் தத்தம் செய்கிற நேரத்தைவிட இது பெரிதன்று. கவுன்சில் ஒப்புக்கொள்ளும் கருத்தரங்குகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் கலந்துகொண்டு, எத்தனை மணி நேரம் என்று குறித்த சான்றை வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். மோதி பாக்கிலிருந்து அதிகத் தொலைவில்லாத கிரீன் பார்க்கிலே, 1908-ஆம் ஆண்டு தோன்றிய இந்தியப் பயிற்சி பெற்ற நர்ஸுகள் சங்கத்தின் தலைமையகம் இருக்கிறது. அருகில் குடியிருந்தும் அப்பக்கம் எட்டிப் பாராதவர்களே நம்மில் அதிகம்.

புதுப்பிக்கும் விதி வெறும் காகிதக் கெடுபிடியன்று என்பதையும் சொல்லவேண்டும். பதினேழு ஆண்டுகளுக்கு முன் வார்டில் இருந்த கருவிகள் வேறு. மருந்தளவைக் கணக்கிடும் முறை வேறு. தொற்று நோய்க்கு எதிரான எச்சரிக்கைகள் வேறு. 2020-இல் கொரோனா வந்தபோது, முகக்கவசம் அணிவதும் பாதுகாப்பு உடையைக் கழற்றுவதும் எத்தனை நுணுக்கமான கலை என்பதை உலகமே கண்டது. படுக்கையிலே கிடப்பவர் நம் தகப்பனாராக இருந்தால், அவர் கையில் ஊசி குத்துகிறவர் நேற்றுவரை படித்தவராக இருக்கவேண்டும் என்று நாமும் விரும்பமாட்டோமா?

மூன்றாவது முடிச்சு, ஊர் விட்டு ஊர் மாற்றுதல். இங்குள்ள கவுன்சிலிடம் நம் பத்திரத்தை நீட்டினால் மட்டும் போதாது. நாம் முதலில் பதிந்த கவுன்சில், 'இவர் எம் பதிவேட்டில் உள்ளவர். இவர்மீது குற்றம் யாதுமில்லை. இவர் வேற்றிடத்தில் பதிவதில் எமக்கு ஆட்சேபம் இல்லை' என்று உறுதி சொல்லவேண்டும். அவ்வுறுதி கவுன்சிலிலிருந்து கவுன்சிலுக்குச் செல்லவேண்டுவது. இதற்கு நாட்கள் பிடிக்கும். தாய்ப் பதிவு காலாவதியாகியிருந்தால் முதலில் அதைப் புதுப்பித்த பிறகே இந்த உறுதி கிட்டும். நம் சகோதரிக்கு நேர்ந்தது அதுவே: முதல் முடிச்சு அவிழாமல் இரண்டாவது அவிழவில்லை, இரண்டாவது அவிழாமல் மூன்றாவது அசையவில்லை.

ஆகவே, டில்லிக்கு மாற்றலாகி வருகிற குடும்பத்தார் எரிவாயு இணைப்பையும் குழந்தையின் பள்ளி மாற்றுச் சான்றையும் கவனிக்கிற அதே வாரத்தில், வேலை தேடும் எண்ணம் உடனடியாக இல்லாவிட்டாலும், இதற்கும் மனுச் செய்துவிடுவது உத்தமம். வேலை கிடைத்த பிறகு பதிவைத் தேடுவது, தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுவதற்கு ஒப்பாகும். மத்திய சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் தேர்வுகளும் அப்படியே. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகங்கள் நடத்தும் நர்ஸிங் அதிகாரி தேர்வுக்குப் பதிவு பெற்றிருத்தல் இன்றியமையாத தகுதிகளில் ஒன்று. மதிப்பெண் எத்தனை வாங்கியும், பதிவு இல்லையேல் பயன் இல்லை.

இத்துடன் ஓர் எச்சரிக்கையும் சொல்லிவைக்கிறோம். பதிவில் குறை இருக்கும் பெண்களைச் சில சிறிய மருத்துவ நிலையங்கள் வேண்டுமென்றே தேடி அமர்த்திக்கொள்கின்றன. "உனக்குத்தான் டில்லிப் பதிவு இல்லையே, இந்தச் சம்பளம் உனக்கு அதிகம்" என்பது அவர்கள் பேச்சு. இரவுப் பணியும் கூடுதல் நேரமும் அவர்கள் இஷ்டம். நாளை நோயாளிக்கு ஒரு தீங்கு நேர்ந்துவிட்டால், முதலில் கைகழுவப்படுகிறவளும் அவளே. சிலர் மூலச் சான்றிதழ்களையே வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். மூலத்தைக் காட்டுங்கள்; நகலைக் கொடுங்கள்; மூலத்தை ஒருபோதும் விட்டுவராதீர்கள். பதிவு சரியாக இருக்கிற பெண் நியாயமான சம்பளத்தைக் கேட்கலாம்; பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். அந்த எழுந்து வரும் சுதந்திரத்துக்கு மற்றொரு பெயரே லைசென்சு என்று நாம் கருதுகிறோம்.

கடல் கடந்து செல்ல விரும்பும் இளம் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. மாநில எல்லைத் தொல்லை நம் நாட்டுக்கே உரியதென்று எண்ணவேண்டா. அமெரிக்காவிலும் தாதி லைசென்சை அளிப்பது ஒவ்வொரு மாநிலத்துக் கழகமுந்தான். தேர்வு நாடெங்கும் ஒன்று. லைசென்சு மாநிலத்துக்கு மாநிலம் தனி. இத்தொல்லையைக் குறைக்க 2000-ஆம் ஆண்டு சில மாநிலங்கள் தம்முள் ஓர் உடன்படிக்கை செய்தன. இன்று நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் அதில் சேர்ந்துள்ளன. ஆனால் நம்மவர் பலர் குடியேறும் கலிபோர்னியா இன்னும் சேரவில்லை. மேலும், அயல்நாட்டார் முதலிற் கேட்பது நம் ஊர்ப் பதிவின் உறுதியைத்தான். அதையும் கவுன்சிலிடமிருந்தே நேராகப் பெற விரும்புவார்கள். ஊரில் வேர் காய்ந்துவிட்டால் அயலூரில் கிளை தழைக்காது.

இறுதியாக, சங்கத்து ஆடவர்களிடம் சிறிது உரிமையோடு பேச விரும்புகிறோம். நம் உத்தியோகப் பத்திரங்களுக்குத் தனிக் கோப்பு வைத்திருக்கிறோம். இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டும் நாளை மறப்பதில்லை. ஸ்கூட்டரின் புகைச் சான்று எந்தத் தேதியில் முடிகிறதென்றுகூட நமக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்காரியின் பதிவு எந்த ஆண்டில் காலாவதியாகிறது என்று கேட்டால் விழிக்கிறோம். அவர் இரவு பகலாகக் கண்விழித்துப் பெற்ற தகுதி அது. அதை வரதட்சணைப் பாத்திரத்தோடு பரணில் ஏற்றிவிட்டு, கஷ்டம் வந்த நாளில் இறக்கித் துடைத்தால் அது பளிச்சிடாது. அவர் இன்று வேலைக்குப் போகட்டும், போகாதிருக்கட்டும். அது அவரவர் குடும்பத்தின் தீர்மானம். ஆனால் நாளை போகவேண்டுமென்று அவர் நினைத்தால், கதவு திறந்திருக்கவேண்டும். நாட்காட்டியில் ஒரு குறிப்பு. ஐந்தாண்டுக்கு ஒரு மனு. ஆண்டுக்கு முப்பது மணி நேரம் அவருக்கு ஒழிவு. கணவன்மாரிடம் நாம் கேட்பது இவ்வளவே.

மோதி பாக் சகோதரியின் கதை என்னவாயிற்று என்று அன்பர்கள் கேட்பார்கள். நான்கு நாட்களுக்கு முன் அவருடைய டில்லிப் பதிவு எண் வந்து சேர்ந்தது. முதலில் அழைத்த பெரிய ஆஸ்பத்திரியின் இடம் எப்போதோ நிரம்பிவிட்டது. வேறோர் ஆஸ்பத்திரியில், சற்றுக் குறைந்த சம்பளத்தில், வருகிற முதல் தேதி சேர்கிறார். "போனது போகட்டும் அண்ணா, இனி வருவதைப் பார்ப்போம்" என்று சிரித்தார். பத்திரம் மீண்டும் டிரங்குப் பெட்டிக்குள் போகவில்லை. அது இப்போது கூடத்து அலமாரியில், நாட்காட்டிக்கு அடியில் இருக்கிறது. நாட்காட்டியின் ஓரத்தில், புதுப்பிக்கவேண்டிய ஆண்டைச் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறாள் கல்லூரிக்குப் போகவிருக்கும் மகள்.

இவ்வழியில் முன்னரே நடந்து முடித்த சகோதரிகள் நம் பேட்டையில் இருப்பீர்கள். மூன்று முடிச்சுகளையும் அவிழ்த்த உங்கள் அனுபவம், புதிதாக ரயிலை விட்டு இறங்கும் ஒரு பெண்ணுக்கு ஆறு மாதத்தை மிச்சப்படுத்தும். உங்கள் பெயரைச் சங்கத்துக் காரியதரிசியிடம் தெரிவிக்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.